நபவிய்யாவைச் சுற்றி ஐந்து பாகை

எங்கள் மாகாணத்தில் எது எதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஓர் ஆணையம் இருந்தது. தொலைவுகள் ஆணையம் என்று பெயர். அது வருவதற்கு முன்பும் பொருட்கள் ஒன்றுக்கொன்று தள்ளித்தான் இருந்தன. ஆனால் யாரும் அவற்றுக்கு அனுமதி கொடுத்திருக்கவில்லை.

ஆணையத்தின் முதல் பணி குடிநீர். மாகாணத்தின் ஒவ்வொரு குடிநீர் நிலையமும் படத்தில் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு பாதுகாப்பு வட்டம். வட்டத்துக்குள் ரொட்டி அடுப்பு கூடாது, எருமைச் சந்தை கூடாது, இறந்தவர்களை அடக்கம் செய்யக் கூடாது. வட்டத்தை யாரும் கையால் வரைவதில்லை. கணினியில் சில வரிக் கட்டளைகள் எழுதி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் அது தானாக ஓடும். புள்ளிகளைப் படிக்கும், வட்டங்களைப் போடும், ஒட்டிக்கொண்ட வட்டங்களை ஒரே நீலமாக்கி எல்லா ஊர் அலுவலகங்களின் திரைக்கும் அனுப்பிவிடும். மனிதக் கை படாத வேலை என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். மனிதக் கண்ணும் படவில்லை.

விழா முடிந்த மறுநாள் மாகாணம் முழுவதும் நீலமாக இருந்தது. குழாயில் தண்ணீர் எப்போதும்போலப் பழுப்பாக வந்தது.

ரொட்டிக் கடைகளுக்கு முதலில் முத்திரை வைத்தார்கள். பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது: தடை புள்ளிகளுக்கு மட்டுமே, நகர்பவை புள்ளிகள் அல்ல. எங்கள் ஊர் ரொட்டிக்காரர் அடுப்பை லாரியில் ஏற்றிவிட்டார். லாரி கால்வாய்க் கரையில் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், ஜனங்கள் பின்னால் ஓடி ரொட்டி வாங்குவார்கள். இரண்டு நாளில் அது பழகிவிட்டது. எங்களுக்கு எதுவும் இரண்டு நாளில் பழகிவிடும்.

அந்த வாரத்தில்தான் நபவிய்யா இறந்தார்.

அவருடைய கணவர் ஷஹாத்தா ஐஸ் ஆலையில் வேலை பார்ப்பவர். ஏரியிலிருந்து வரும் மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிற வேலை. நபவிய்யாவுக்குச் சிறுநீரகம் கெட்டு வெகு நாளாயிற்று. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் ஒன்றையே சொல்வார்: "என்னை அம்மா பக்கத்துல வெச்சுடு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." அதற்குப் பிறகு வேறு பலவும் கேட்பார். ஆனால் அதை மட்டும் மறக்காமல் முதலில் சொல்வார். ஒரு நாள் விடியற்காலைத் தொழுகைக்குப் பின் மூச்சு நின்றது. ஆகஸ்ட் மாதம். அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும்.

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, பள்ளிவாசல் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தொழுகையும் முடிந்தது. ஷஹாத்தா அழவில்லை. அடக்கச் சீட்டு வாங்க ஊர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே மேடம் ஸுஹைர் திரையைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"ஒரு சிக்கல் இருக்கு ஹாஜ். உங்க அடக்கத்தலம் நீலத்துல வருது."

"அது கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கு மேடம்."

"கால்வாயும் நீலம்தான்."

"என் மாமியார் அங்கதான் இருக்காங்க. அவங்க அம்மாவும் அங்கதான்."

"அவங்கல்லாம் முன்னாடியே வந்துட்டாங்க. நீலம் இப்பத்தான வந்துச்சு."

"பக்கத்து ஊர்ல?"

"நீலம்."

"அதுக்கு அடுத்த ஊர்ல?"

மேடம் ஸுஹைர் திரையைத் திருப்பிக் காட்டினார். தேநீர் குடித்துக்கொண்டே படத்தைச் சுருக்கினார், மேலும் சுருக்கினார். நீலம் முடியவில்லை.

"அப்ப இந்த வாரம் செத்தவங்க எல்லாம்?"

"ஆஸ்பத்திரி குளிர் அறையில இருக்காங்க. நிலைமையில மாற்றம் இல்லன்னு பதிஞ்சிருக்காங்க. தப்பில்லையே, மாற்றம் இல்லதானே. ஆனா அங்க இப்ப எடம் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விலக்குச் சீட்டு ஆணையத்துல குடுப்பாங்களாம். இதுவரைக்கும் யாருக்கும் குடுக்கல. நீங்க போய்ப் பாருங்க. உங்க முகம் கொஞ்சம் நல்ல முகம்" என்றார்.

அடக்கத்தலக் காவல்காரரிடமும் கேட்டுப் பார்த்தார்கள். வாசலில் சிவப்பு அரக்கு முத்திரை. "ஒடைக்கலாம் ஷஹாத்தா. ஒடைச்சா எனக்கு உள்ள எடம் கெடச்சுடும், உன் வீட்டுக்காரிக்குக் கெடைக்காது" என்றார் அவர்.

ஆகவே சந்தூக்கைப் பிக்கப் வண்டியில் ஏற்றினார்கள். ஐஸ் ஆலைக்காரர்கள் பையில் ஐஸ் கட்டிகள் கொண்டுவந்து உடலைச் சுற்றி அடுக்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்த மரியாதை அது. முன் இருக்கையில் நபவிய்யாவின் அக்கா இன்ஸாஃப் உட்கார்ந்தார். ஊரில் எல்லாரும் அவரை உம்மு ஹானி என்று கூப்பிடுவார்கள், கொஞ்சம் தள்ளி நின்று.

ஆணையம் மாகாணத் தலைநகரில், ஆற்றங்கரை ஓரமாக ஒரு மதில் சுவருக்குள் இருந்தது. வட்ட மதில். வாசல் காவலர் மித்வல்லி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க. நின்னா புள்ளி."

"என்ன புள்ளி?" என்றார் இன்ஸாஃப்.

"அம்மா, அசையுறது கோடு. நிக்கறது புள்ளி. புள்ளின்னா வட்டம் பாக்கணும். வட்டம் பாத்தா நீங்க நீலத்துல நிக்கறீங்க. பொணத்தோட நீலத்துல நின்னா நான் எழுதிக் குடுக்கணும். எனக்கு எழுத வராது." பாக்கெட்டிலிருந்து மடித்த ஒரு சான்றிதழை எடுத்துக் காட்டினார். ஆணையத்தில் எல்லாருக்கும் மூன்று நாள் பயிற்சி நடந்திருந்தது. தேநீர் போடுபவருக்குக்கூடச் சான்றிதழ் உண்டு.

"அப்ப உள்ள விடு."

"உள்ள ஒருத்தர்தான் போகலாம். உயிரோட இருக்கறவர்."

"செத்தவ எங்க நிப்பா?"

"நிக்கக் கூடாதுன்னுதான சொல்றேன்."

வண்டியை ஓட விட்டபடியே சந்தூக்கை இறக்கித் தோளில் வாங்கிக்கொண்டார்கள். கீழே வைக்க முடியாது. நிற்க முடியாது. ஆகவே நடந்தார்கள். நேராக நடந்தால் ஆறு. ஆகவே மதிலை ஒட்டி நடந்தார்கள். மதில் வட்டமாக இருந்ததால் அவர்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள், திரும்பவும் நடந்தார்கள். எங்கள் ஊர் ஷேக் முன்னால் போனார். நாலு பேர் தூக்க, நாலு பேர் மாற்றாளாகப் பின்னால் வந்தார்கள். இன்ஸாஃப் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியில் நடந்தார். ஐஸ் உருகிச் சொட்டியது. சில சுற்றுகளுக்குள் ஆணையத்தைச் சுற்றிப் புழுதியில் ஈரமாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. எங்கள் மாகாணத்தில் மனிதர்கள் வரைந்த ஒரே வட்டம் அதுதான். அது நன்றாகவே வந்திருந்தது.

ஷஹாத்தா உள்ளே போனார்.

காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கிடந்தன. ஒவ்வொரு நாற்காலியைச் சுற்றியும் தரையில் மஞ்சள் பெயிண்டால் வட்டம். தேநீர் கொண்டுவந்தவர் வட்டத்தின் விளிம்பில் கிளாஸை வைத்துவிட்டுப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டி எடுக்க முடியாது. எழுந்து போய் எடுத்தால் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கூடம் முழுக்க வட்டங்களின் விளிம்பில் ஆறிப்போன தேநீர் இருந்தது. ஷஹாத்தா எடுக்கவில்லை. அவருக்குத் தாகமும் தெரியவில்லை.

வரவேற்பில் இருந்தவர் கேட்டார்: "புள்ளியோட பேரு?"

"நபவிய்யா."

"ஆளோட பேரு இல்ல. எடத்தோட எண்ணு."

"எடம் இல்லாமத்தான வந்திருக்கேன்."

"அப்ப வட்டப் பிரிவுக்குப் போங்க. மாடி. வக்தின்னு ஒருத்தர் இருப்பார்."

வக்தி ஒரு டப்பாவில் கோஷரிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு. முன்னால் மூன்று திரைகள், மூன்றிலும் நீலம். ஜன்னல் வழியாக, சந்தூக்கு மதிலுக்கு அப்பால் இடமிருந்து வலமாகப் போவது தெரிந்தது. மதிலுக்கு மேலே அதன்மேல் போர்த்தியிருந்த பச்சைத் துணி மட்டும் தெரிந்தது.

"உங்களோடதா?" என்றார் வக்தி.

"என்னோடது."

"அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும். உக்காருங்க. இங்க வட்டம் இல்ல, பயப்படாதீங்க."

"எங்க ஊர் அடக்கத்தலத்துக்குப் பக்கத்துல எந்தக் குடிநீர் நிலையம் இருக்குன்னு சொல்லுங்க பாஷ்முஹந்திஸ். நான் அவங்க கிட்ட போய்ப் பேசிக்கறேன்."

"எல்லாமே பக்கத்துலதான் இருக்கு. அதான் பிரச்சினை." வக்தி கரண்டியால் திரையைத் தொட்டார். "இதோ இந்த வரி. புள்ளிய எடு, சுத்தி அஞ்சு போடு, ஒட்டு. அவ்வளவுதான் மொத்த ஆணையமும். டைரக்டர் ஆணையில அஞ்சுன்னு இருந்துச்சு. நான் அஞ்சுன்னு எழுதினேன். மெஷின் எந்த அஞ்சுன்னு கேக்காது. படம் எந்த அளவுல இருக்கோ அந்த அளவுல எடுத்துக்கும். இந்தப் படம் கிலோமீட்டர்ல இல்ல, பாகையில இருக்கு. பூமி உருண்டைய வெட்டுவாங்களே, அந்தப் பாகை. ஒரு பாகை நூறு கிலோமீட்டருக்கு மேல வரும்."

"அப்ப அஞ்சு பாகை?"

"சைப்ரஸ்."

வக்தி படத்தைச் சுருக்கிக் காட்டினார். கெய்ரோ நீலமாக இருந்தது. கடல் ஏற்கெனவே நீலம்தான், அதன்மேல் இன்னொரு நீலம். சைப்ரஸ் தீவு ஏறக்குறைய முழுசாக எங்கள் குடிநீர்ப் பாதுகாப்புக்குள் இருந்தது.

"தெக்க கேனாவுல எடம் இருக்கு" என்றார் வக்தி. "வட்டம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது. நாள் முழுக்க ஓட்டினா போயிடலாம். தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"இல்ல. அந்த அஞ்ச மாத்த முடியாதா?"

"ஒரு வார்த்தைதான். இப்பவே மாத்தலாம். மாத்தினா நீலம் சுருங்கிடும். போன வியாழக்கிழமை மந்திரி இந்த நீலத்துக்குத்தான் ரிப்பன் வெட்டிட்டுப் போயிருக்காரு. மத்த மாகாணம் எல்லாம் துண்டு துண்டா வட்டம் வெச்சிருக்கு, நீங்க மட்டும்தான் நாட்டையே காப்பாத்தறீங்கன்னு பேசினாரு. நான் டைரக்டர் கிட்ட சொன்னேன். பாதுகாப்ப குறைச்சவன்னு உன் பேரு வரணுமா, என் பேரு வரணுமான்னு கேட்டாரு. எனக்கு ஜனவரியில வேலை நிரந்தரம் ஆகணும், ஹாஜ்."

அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. கோஷரியில் காரத்தை ஊற்றிக்கொண்டார்.

ஷஹாத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நீலத்தையும் பார்த்த பிறகு, அதில் நீலமில்லாத ஒரு சின்ன இடம் இருப்பது அவர் கண்ணில் பட்டது.

"இது என்ன? வெள்ளையா ஒண்ணு."

"அது நாமதான். இந்தக் கட்டிடமும் தோட்டமும். கேன்டீன்ல அடுப்பு இருக்குல்ல, நீலத்துல இருந்தா அதுக்கும் முத்திரை வெக்கணும். அதனால கடைசியில ஒரு வரி சேத்து எங்கள மட்டும் வெட்டி எடுத்துட்டேன். அது மட்டும் மீட்டர் கணக்கு. டைரக்டரோட கட்டிடம் பாருங்க, கவனமா செஞ்சேன்."

"அந்த வெள்ளையில வெக்கலாமா?"

"எத?"

"நபவிய்யாவ."

வக்தி சிரித்தார். வேடிக்கையாக இருக்கட்டும் என்று தோட்டத்தின் நடுவில் அம்பை வைத்து, 'அடக்கம்' என்ற பொத்தானை அழுத்தினார். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு பச்சையாக ஒரு பெட்டி வந்தது: அனுமதிக்கலாம். மூலையில் இருந்த பிரிண்டர் யாரையும் கேட்காமல் ஒரு தாளைத் துப்பியது. வக்தியின் சிரிப்பு நின்றது. அந்தப் பிரிண்டர் இந்த வாரம் முழுவதும் மறுப்பை மட்டுமே அச்சடித்திருந்தது. பச்சை மை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

"கையெழுத்து வேணும்" என்றார். "டைரக்டர் போட மாட்டார்."

டைரக்டர் உடனே போட்டார்.

அவர் பெயர் டாக்டர் முஹந்திஸ் ரிஃபாத் அல்-கம்மாஷ். முஹந்திஸ் என்றால் இன்ஜினியர். இரண்டு பட்டமும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், ஒன்றை விட்டால் மற்றதும் தனக்குக் கேட்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். அறையில் நீலப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பச்சைத் தாளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அனுமதியா? நம்ம கிட்டேருந்தா?"

"ஆமா, டாக்டர் முஹந்திஸ்" என்றார் வக்தி. "இடத்த மட்டும் ஒரு தடவ..."

"வெள்ளையில இருக்கா?"

"வெள்ளையிலதான். ஆனா..."

"வெள்ளைன்னா கையெழுத்து, நீலம்னா இல்ல. இத எளிமையாக்கத்தானப்பா நாம ஆணையம் வெச்சோம். இடத்தப் பாக்க ஆரம்பிச்சா எல்லாத்தையும் பாக்கணும்." பேனாவைத் திறந்தார். பிறகு ஷஹாத்தாவின் தோளில் கை வைத்தார். "ஹாஜ், உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எங்க மேல ஒரு குற்றச்சாட்டு இருக்கு. ஆணையம் இல்லன்னு மட்டும்தான் சொல்லும்னு. பத்திரிகையில கூட வந்துச்சு. நான் கவலப்படல. அனுமதி குடுக்கறது யாரு வேணா செய்யலாம், சாதாரண முனிசிபாலிட்டி கூட செய்யும். மறுக்கறதுக்குத்தான் அமைப்பு வேணும், திரை வேணும், டாக்டர் பட்டம் வேணும். இருந்தாலும் ஒரே ஒரு அனுமதி வேண்டியிருந்துச்சு. விதி இருக்குன்னு காட்ட ஒரு விலக்கு. இன்னைக்கு நீங்க வந்தீங்க. உங்க துக்கம் எங்களுக்கு எவ்வளவு உதவியா இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

"பொழுது சாயுது, டாக்டர் முஹந்திஸ்" என்றார் ஷஹாத்தா.

"சாயட்டும். மந்திரி என்னக் கேட்டாரு, ரிஃபாத், ஏன் அஞ்சுன்னு. நான் சொன்னேன், நாலு கோழைத்தனம், ஆறு கர்வம். அவரு ரொம்ப நேரம் தலையாட்டினாரு. அஞ்சு என்னன்னு அவரும் கேக்கல. பெரிய மனுஷங்க அளவு கேக்க மாட்டாங்க." கையெழுத்துப் போட்டு, கழுகு முத்திரையைத் தன் கையாலேயே குத்தினார். "ஒரு போட்டோ. தாள கொஞ்சம் மேல தூக்குங்க. சிரிக்க வேண்டாம், துக்கம் இருக்கட்டும். ஆனா நன்றியும் தெரியணும்."

ஷஹாத்தா தாளைத் தூக்கிப் பிடித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அந்தப் போட்டோ பிறகு ஆணையத்தின் ஆண்டறிக்கையில் வந்தது. கீழே 'பயனாளி ஒருவர்' என்று போட்டிருந்தார்கள்.

கீழே வந்தபோது வாசலில் தகராறு நடந்துகொண்டிருந்தது. மித்வல்லி கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றார். சந்தூக்கு அவருக்கு எதிரே வலமும் இடமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் இது தெரிந்த விஷயம்தான். சில மையித்துகள், அதாவது இறந்தவர்கள், போகிற வழியில் போக மாட்டார்கள். தூக்குகிறவர்களைத் தங்களுக்குப் பிடித்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். தூக்குகிறவர்கள் விட்டுக் கொடுக்க வேண்டும். மறுத்தால் சந்தூக்கு கனக்கும்.

"இழுக்குறா, மித்வல்லி" என்றார் இன்ஸாஃப். "நான் என் கண்ணால பாக்கறேன். ஒவ்வொரு சுத்துலயும் இந்த வாசல்கிட்ட வந்தா இழுக்குறா."

"அம்மா, எனக்கு வேலை போயிடும்."

"அவ கிட்ட சொல்லு அத. உயிரோட இருந்தப்பவே யார் பேச்சையும் கேக்காதவ. சொல்லிப் பாரு."

மித்வல்லி சந்தூக்கைப் பார்த்தார். வலது முன்பக்கம் தாழ்ந்து வாசலை நோக்கிச் சாய்ந்திருந்தது. அவர் அதே ஆற்றங்கரையில் பிறந்தவர். பயிற்சி மூன்று நாள்தான், மற்றது பிறந்ததிலிருந்து. கதவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஷஹாத்தா பச்சைத் தாளைக் காட்டினார்.

வலது முன்பக்கத்தைத் தூக்கியிருந்தவர் ஐஸ் ஆலையின் தஸூக்கி. அவருக்கு முழங்கால் வலி. இதை ஷஹாத்தா கவனித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

தோட்டத்தில் சந்தூக்கை இறக்கி வைத்தார்கள். ஊரை விட்டுப் புறப்பட்டதிலிருந்து முதல் தடவையாக நபவிய்யா ஓர் இடத்தில் இருந்தார். தூக்கியவர்கள் புல்லில் சாய்ந்தார்கள். தோட்டக்காரரின் மண்வெட்டியை வாங்கித் தோண்டினார்கள். அடிமண் ஈரமாக இருந்ததால் செங்கல் அடுக்க வேண்டியிருந்தது. புதிய பயிற்சி அரங்கம் கட்டக் குவித்திருந்த செங்கல் பக்கத்திலேயே கிடந்தது.

டைரக்டர் ஜன்னலைத் திறந்தார்.

"என்ன நடக்குது அங்க?"

"அடக்கம், டாக்டர் முஹந்திஸ்" என்று மித்வல்லி கீழேயிருந்து சொன்னார்.

"யார் அனுமதி குடுத்தது?"

மித்வல்லி தாளை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மேலேயிருந்து எழுத்து தெரியாது. கழுகு தெரிந்தது, பச்சை தெரிந்தது.

டைரக்டர் வக்தியைக் கூப்பிட்டார். அதை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும், அந்த இடம் நீலத்தில் இருந்தால் போதும் என்றார் வக்தி. அந்த இடம் நீலத்தில் வந்தால் இந்த அறையும் நீலத்தில் வரும், கேன்டீனும் வரும். ஐந்தைச் சுருக்கினால்? சுருக்கலாம், அப்போது இவர்கள் தங்கள் ஊருக்கே போய்விடுவார்கள், ஆனால் மந்திரி. டைரக்டர் சற்று நேரம் சட்டத்துக்குள் இருந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலை மூடிக்கொண்டார். திரையையும் இழுத்துவிட்டார்.

நபவிய்யாவைக் கீழே இறக்கியபோது இன்ஸாஃப் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "அம்மா பக்கத்துல கேட்டாளே, ஷஹாத்தா."

"தெரியும் உம்மு ஹானி."

"ஆபீஸ் தோட்டத்துல வெக்கறமே."

"வெள்ளை இங்கதான் இருக்கு."

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன் மண் தள்ளி முடித்தார்கள்.

மறுநாள் காலை கட்டளை வழக்கம்போல ஓடியது.

அதில் இன்னொரு வரி இருந்தது. ஆரம்பத்திலேயே வக்தி எழுதி வைத்திருந்தது, எவருக்கும் நினைவில்லை. அடக்கத்தலங்களைச் சுற்றியும் ஒரு வட்டம், அதே ஐந்து. அதற்குள் அரசு அலுவலகம் கூடாது. அனுமதி பெற்ற அடக்கத்தலம் மட்டுமே புள்ளியாகப் பதியும். எங்கள் ஊர் அடக்கத்தலம் உட்பட மாகாணத்தில் எதற்கும் ஆணையத்தின் அனுமதி இல்லாததால், அந்த வரி இதுவரை ஓடி, ஒன்றையும் காணாமல், ஒன்றையும் வரையாமல் திரும்பிக்கொண்டிருந்தது. அன்று முதல் தடவையாக ஒரு புள்ளி கிடைத்தது. டைரக்டர் கையெழுத்து, கழுகு முத்திரை, எல்லாம் சரியாக இருந்தது. நபவிய்யாவைச் சுற்றி ஐந்து பாகை. அந்த வரியில் வெள்ளையை வெட்டி எடுக்க யாரும் எழுதியிருக்கவில்லை.

இந்த வட்டம் சாம்பல் நிறம். நீலத்தின்மேல் விழுந்ததால் மாகாணம் ஈய நிறமானது.

எல்லா அரசு அலுவலகங்களுக்கும் மூடும்படி ஆணையத்தின் கணினியிலிருந்து உத்தரவு போயிற்று. மற்ற அலுவலகங்கள் அதைக் கோப்பில் வைத்துவிட்டு வழக்கம்போல ஆறரை மணி நேரம் தேநீர் குடித்தன. மேடம் ஸுஹைர் மட்டும் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றி வீட்டுக்குப் போனார். ஆணையம்தான் மாட்டிக்கொண்டது, ஏனென்றால் அது தன்னுடைய சொந்த உத்தரவு. டைரக்டர் முதலில் ஒரு குழு போட்டார். குழு கூடுவதற்கு வட்டத்துக்கு வெளியே ஓர் இடம் தேவைப்பட்டது. பிறகு மேஜைகளை லாரியில் ஏற்றி, நகர்ந்துகொண்டே அலுவலகம் நடத்திப் பார்த்தார்கள். ரொட்டி லாரிக்குப் பின்னால் ஓடிப் பழகிய ஜனங்கள் அதற்குப் பின்னாலும் ஓடினார்கள். ரொட்டி இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். கடைசியில் ஆணையம் கேனாவுக்குத் தெற்கே, பாலைவனத்து ஓரமாக ஒரு வாடகைக் கட்டிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து எங்களைக் காப்பாற்றுவதாகக் கேள்வி. வக்திக்கு ஜனவரியில் வேலை நிரந்தரமானது, அங்கேயே.

அவர்கள் போன பிறகு எங்கள் ஊர்த் திரை இருண்டது. மின்சாரக் கட்டணத்தை ஆணையம்தான் கட்டிக்கொண்டிருந்தது. அரக்கு முத்திரை வெயிலில் உருகி விழுந்தது. குளிர் அறையில் நிலைமை மாறாமல் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் அடக்கத்தலத்துக்குப் போனார்கள். ரொட்டிக்காரர் அடுப்பை இறக்கி வைத்தார். சில நாள் வரை ஜனங்கள் பழக்கத்தில் ஓடிவந்துதான் ரொட்டி வாங்கினார்கள்.

ஷஹாத்தா வெள்ளிக்கிழமை தோறும் தலைநகருக்குப் போவார். மித்வல்லி கதவைத் திறந்துவிடுவார். அவரைக் கேனாவுக்கு வரச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, ஆகவே அவர் காலிக் கட்டிடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். நபவிய்யாவின் கபர் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்து, ஷஹாத்தா கொண்டுவரும் ஃபத்தீர் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவார்கள். ஒரு தடவை மித்வல்லி கபரைக் காட்டிக் கேட்டார்: "அவங்க எப்படிப்பட்டவங்க?"

அந்தக் கேள்வியை இந்த விவகாரம் முழுவதிலும் வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. ஷஹாத்தா யோசித்தார்.

"சத்தமா பேசுவா" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை இன்ஸாஃபும் கூட வந்தார். ஆளில்லாத ஜன்னல்களைப் பார்த்தார், புல் வளர்ந்து கிடந்த தோட்டத்தைப் பார்த்தார். ஷேக்கிடம் கேட்டாயிற்று, தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். இப்போது தடுக்கவும் ஆள் இல்லை.

"எடுத்துட்டுப் போயிடலாம் ஷஹாத்தா. அம்மா பக்கத்துல எடம் அப்படியே இருக்கு. அவ கேட்டது அது ஒண்ணுதான்."

ஷஹாத்தா ஃபத்தீர் துணுக்குகளைத் துணியிலிருந்து உதறினார்.

"நானும் நெனச்சேன். வேண்டாம் உம்மு ஹானி."

"ஏன்?"

"இவ இங்க இருக்கறதாலதான் அவங்க அங்க கேனாவுல இருக்காங்க. இவள எடுத்தா புள்ளி போயிடும். திரும்பி வந்துடுவாங்க."

இன்ஸாஃப் கபர்மேல் காய்ந்து கிடந்த பேரீச்ச ஓலையை எடுத்துவிட்டு, கொண்டுவந்த பச்சை ஓலையை வைத்தார். அது நகராமலிருக்க நாலு பக்கமும் செங்கல் வைத்தார்.